சுண்டுவிரல் தூரம்

ஏப்ரல் 2, 1982. வெள்ளி

காலையிலிருந்து தூறல். நேற்று தாப்பாவிலிருந்து மலையேறிய பஸ்ஸில் வளைவுக்கு ஒரு வாந்தி. எனக்கில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு. பாதி என் பாவாடையில். வந்ததும் துவைத்துப் போட்டேன். காயாது. இந்த ஊரில் எது காய்ந்தது?

விடுமுறை முடியும்வரை தேயிலைத் தோட்டத்து வீட்டில்தான். கையில் பல்கலைக்கழக வேலை ஒன்று: கோழிமுட்டைக்குள் கரு வளர்வதை நாள்வாரியாகப் பார்த்துப் படம் வரைந்து கொண்டுபோக வேண்டும். கோலாலம்பூரில் இருந்திருந்தால் சூட்டுப்பெட்டியில் முட்டையை வைத்துவிட்டுத் தூங்கியிருக்கலாம். விடுதி பூட்டுகிறார்கள், போ என்றுவிட்டார்கள்.

அண்ணன் குழந்தையை இன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். ஆண். பிறந்து இரண்டு வாரம். முப்பதாம் நாள் கும்பிட்ட பிறகுதான் பெயர், அதுவரை எல்லாருக்கும் 'தம்பி'. மூக்கு அண்ணனுடையது. கண் சரோஜா அண்ணியுடையது. கை கால் குச்சி. வயிறு மட்டும் எங்கள் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணிக்கு இருப்பது மாதிரி முன்னே தள்ளிக்கொண்டு.

"என்னடா குட்டிக் கிராணி" என்றேன். அண்ணி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

"கண்ணு வெக்காதடி. வந்ததும் வராததுமா."

வாங்க வேண்டியது: பிளாஸ்டர், சின்னக் கத்தரி, பென்சில் 2B, அம்மாவுக்குத் தைலம்.

ஏப்ரல் 3. சனி

முட்டை வந்தது. கொண்டுவந்தவர் அ செங், திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிற சீனர், அண்ணனின் கூட்டாளி. சேவலோடு திரியும் கோழியின் முட்டைதான் வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதை அவருக்குப் புரியவைக்க அண்ணன் நடுரோட்டில் சேவலாகவே நடித்துக் காட்டினானாம். ஒரு டஜன். ஒன்று உடைசல்.

இந்தக் குளிரில் முட்டை பொரிக்க ஒரே இடம் தொழிற்சாலை. தேயிலை காயவைக்கும் டிரையரில் அண்ணனுக்கு வேலை. அதன் அடுப்புச் சுவரில் சூடு ஆறுவதே இல்லை. சுவரோரம் ஒரு பழைய தேயிலைப் பெட்டி, உள்ளே பஞ்சு, டப்பாவில் தண்ணீர், தெர்மோமீட்டர். பெட்டியை முன்னே பின்னே நகர்த்தி நகர்த்திச் சூட்டைச் சரிக்கட்டினோம். தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் பார்த்தார். பார்க்காத மாதிரி போனார்.

"தெனம் மூணு தடவ திருப்பி வெக்கணும் அண்ணே. இல்லாட்டி கரு ஓட்டுல ஒட்டிக்கும்."

"கோழி பாக்குற வேலைய என் தலையில கட்டுறே. சரிலா. எத்தினி நாளைக்கு?"

"பொரிக்க மூணு வாரம். ஆனா பாதிய நான் நடுவுலயே ஒடச்சிப் பாப்பேன். நாலு மட்டும் கடைசிவரைக்கும் விட்டுவைக்கணும்."

"ஒடைக்கிறதுக்கா நான் திருப்பணும்? பாவம்டி வாசுகி."

பாவம் பார்த்தால் பட்டம் வாங்க முடியுமா என்றேன். பென்சில் முனையால் நாலு முட்டையில் புள்ளி வைத்தேன், இவை தொடக்கூடாதவை என்று.

ஏப்ரல் 5. திங்கள்

பனிமூட்டம். எதிர் லயத்து வீடுகளே தெரியவில்லை. பேச்சுச் சத்தம் மட்டும் வருகிறது, யாரோ யாரையோ ரேஷன் அரிசிக்குத் திட்டுகிறார்கள்.

தம்பி இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை. வயிறு இறுகி, தோல் பளபளவென்று. மார்பில் வாய் வைக்கிறான், விடுகிறான், முனகுகிறான். அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளி விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்தாள். எடுப்பதற்குள் பீச்சி அடித்தது. அம்மாவின் கை, பாய், சுவர். கூடவே காற்று. வயிறு என் கண் முன்னால் இறங்கியது. தம்பி அப்படியே தூங்கிப்போனான்.

அம்மாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா? ஒனக்கும் இதான் வெச்சேன், ஒங்கண்ணனுக்கும் இதான். எந்த டாக்டர்ட்ட தூக்கிட்டு ஓடுனேன்?"

சுவரைத் துடைத்தது நான்.

பிறந்ததிலிருந்தே இப்படித்தானாம். முதல் மலமே மூன்றாம் நாள், அதுவும் காம்பு வைத்து. எப்போதாவது தானாகப் போயிருக்கிறானா என்று அண்ணியிடம் கேட்டேன். யோசித்தாள்.

"இல்ல. என் பால்தான் கட்டியா இருக்கோ என்னமோ."

பத்தியச் சோறு தின்று தின்று ஆள் பாதியாகிவிட்டாள். அதில் பாலைக் குறை சொல்லிக்கொள்கிறாள்.

ஏப்ரல் 6. செவ்வாய்

முதல் முட்டையில் சன்னல் வெட்டினேன். கட்டைவிரல் நகம் அளவு. மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூல் நூலாக, நடுவில் ஒரு புள்ளி துடிக்கிறது. அண்ணன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஐயோ, துடிக்குதே" என்று ஒதுங்கினான். அப்புறம் மறுபடி வந்தான். மறுபடி ஒதுங்கினான்.

முதுகு நெடுக ஒரு குழாய். மூளையும் தண்டுவடமும் ஆகப்போவது. கைலென்சுக்கு அவ்வளவுதான் அகப்படும். அகப்படாதது: அந்தக் குழாயின் முகட்டிலிருந்து கழன்று கிளம்பும் செல்கள். இந்நேரம் நடந்துகொண்டிருக்கும். கழுத்துப் பக்கம் கிளம்பும் ஒரு கூட்டம் கீழே இறங்கி, குடலின் மேல்முனையில் புகுந்து, குடல் நெடுக நடந்து வால்வரை போகும். போகும் வழியெல்லாம் சில தங்கிக் குடலுக்கு நரம்பாகும். மற்றவை மேலே நடக்கும். திரும்பி வருவதில்லை. வேறு பக்கம் ஒதுங்குவதில்லை. கோழிக்கு ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். மனிதனுக்குத் தாய்க்கே நிச்சயமாகத் தெரியாத மாதத்தில் தொடங்கி, மூன்றாம் மாதக் கடைசியில் முடிந்துவிடும்.

யார் வழி சொன்னது என்று வகுப்பில் கேட்டேன். விரிவுரையாளர் மூன்று பதில் சொன்னார். பின்னால் இருப்பவை பெருகிப் பெருகி முன்னால் இருப்பவற்றைத் தள்ளுகின்றன என்பது ஒன்று. போகும் தரையில் கால் பிடிக்கிற பசை இருக்கிறது, அது இருக்கும் பக்கம்தான் நகர முடியும் என்பது ஒன்று. முன்னாலிருந்து ஏதோ ஒன்று வாசனை மாதிரி இழுக்கிறது என்பது ஒன்று. எது சரி என்றேன். இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று கரும்பலகையைத் துடைத்துவிட்டார். தெரியாததைப் பரீட்சையில் கேட்கமாட்டார்கள், நானும் அத்தோடு விட்டேன்.

மு.1 படம் வரைந்தாயிற்று. மு.2 வெட்டும்போதே செத்தது. என் கை.

ஏப்ரல் 8. வியாழன்

தம்பியின் துணி அலசிக்கொண்டிருந்தேன். தண்ணீரில் கை விறைக்கிறது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதே வகுப்பில், போகிற போக்கில் ஒரு வாக்கியம். சில குழந்தைகளுக்கு இந்தச் செல்கள் குடலின் கடைசிக்கு வந்து சேராமலே நின்றுவிடும். சேராத இடம் இறுகியே கிடக்கும், தளராது. அதற்கு மேலே எல்லாம் தேங்கி வீங்கும்.

துணியை வாளியிலேயே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். அப்படியானால் காம்பு என்ன செய்கிறது? இறுகின இடத்தை விலக்கிக் கொடுக்கிறது. மேலே தேங்கினது பாய்கிறது. மறுபடி மூடிக்கொள்கிறது.

நான் டாக்டர் இல்லை. கோழிமுட்டை உடைக்கிறவள். தப்பாக இருக்கலாம். தப்பாக இருக்க வேண்டும் மாரியாத்தா.

ஏப்ரல் 9. வெள்ளி

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் கிடையாது. டிரெசர்தான் மருந்து தருவார், ஊசி போடுவார், எங்களுக்கு எல்லாம் அவர்தான். வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தார், நல்ல மனுஷன். வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"காம்பு வெச்சா போவுதில்ல?"

"போவுது, ஆனா..."

"அப்புறம் என்னம்மா? அடைப்பா இருந்தா என்ன வெச்சாலும் போவாது. போவுதுன்னா வழி இருக்குன்னு அர்த்தம்தானே."

நியாயமாகத்தான் இருக்கிறது கேட்க. நரம்பு, செல், அது குடலில் நடந்து வந்து சேர வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்தினேன். பாதி எனக்கே வார்த்தை வரவில்லை. போகும்போது, தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் வேண்டுமானால் காட்டலாம், அவசரம் ஒன்றும் இல்லை என்றார்.

அம்மாவுக்கு அந்தக் கடைசி மூன்று சொல் போதும்.

ஏப்ரல் 11. ஞாயிறு

சண்டை. எல்லாரும் எல்லாரோடும்.

நான் சொன்னது: நாளைக்கே தானா ராத்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போவோம், எக்ஸ்ரே எடுக்கட்டும்.

அம்மா: "முப்பது கும்பிடாம புள்ளைய வாசப்படி தாண்டக் கூடாது. அந்த ரோட்டுல எத்தினி சாவு விழுந்துருக்கு, ஒனக்குத் தெரியுமா? காத்து கருப்பு பட்டா ஒன் எக்ஸ்ரேல தெரியுமா?"

நான்: "வயித்துல இருக்குறதே தெரியல, காத்துல இருக்குறது தெரியுதாக்கும்!"

அண்ணி ஒரு மூலையில் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு. கடைசியில் வாயைத் திறந்தாள். "ஒங்க படிப்புல புள்ள பெத்ததுண்டா வாசுகி?" கோபமாகக்கூட இல்லை. அதுதான் சுட்டது. அவளுக்குப் பயம். ஆஸ்பத்திரி என்றால் அறுப்பார்கள் என்று பயம், என்னைவிட அம்மாவை நம்புவது அவளுக்குச் சுலபம்.

அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்தான். "இன்னும் ஒரு வாரம்தானே? முப்பது முடிஞ்ச மறுநா நானே லீவு போட்டுத் தூக்கிட்டுப் போறேன். ஏன் வாசு, ஒரு வாரம் தாங்காதா?"

தாங்காது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். தெரியவில்லை. தொழிற்சாலைக்குப் போய் முட்டையைப் பார்த்தேன். அண்ணன் சண்டை நடுவிலும் திருப்பி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

ஏப்ரல் 14. புதன்

வருடப்பிறப்பு. வடை, பாயசம். கோயிலில் மைக் கட்டி யாரோ பாடினார், பாதியில் கரண்ட் போனது, எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

தம்பிக்கு இப்போது தினமும் காம்பு. எடை ஏறவில்லை. அழுகைச் சத்தமே குறைந்துவிட்டது. சமத்துப் பிள்ளை என்கிறார்கள் பார்க்க வருகிறவர்கள்.

மத்தியானம் வீட்டில் அண்ணியும் நானும் மட்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அந்த நடக்குறது நடக்குறதுன்னியே, அது எந்த மாசத்துல?"

"ரெண்டு, மூணு மாசத்துல."

தம்பியின் தலையைத் தடவினாள். "அப்ப நான் மருந்தடிக்கிற கேங்குல இருந்தேன். களைக்கு. முதுகுல டின்னு. முன்னாடி ரெண்டு தடவ கலைஞ்சு போனதால யார்ட்டயும் சொல்லல. சொன்னா லேசான வேல குடுத்துருப்பாங்க. அதுனாலயா வாசுகி?"

இல்லை என்று சொன்னேன். ஏன் நிற்கிறதென்று யாருக்குமே தெரியாது என்றும் சொன்னேன். இரண்டாவது உண்மை. முதலாவதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் திரும்பக் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு அவளுக்கு மல்லிகைப்பூ வேண்டுமாம். இங்கே ரோஜா, கார்னேஷன் என்று லோரி லோரியாகப் போகிறது, ஒரு முழம் மல்லிகைக்குப் பஞ்சம். அ செங்கிடம் சொல்லிவைத்தான் அண்ணன்.

ஏப்ரல் 16. வெள்ளி

மு.5, மு.6, மு.7 முடிந்தன. கண் கறுப்பாக, பெரிதாக. இறகுமுளைகள். புள்ளி வைத்த நாலும் டார்ச்சுக்கு நேரே பிடித்தால் இருட்டாக இருக்கின்றன, வளர்கின்றன. அவற்றுக்குள் அந்தச் செல்கள் எல்லாம் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்கும். கோழிக்குச் சேர்கிறது. ஒரு தப்பும் நடக்காமல், யாரும் கும்பிடாமல்.

தும்மல். எனக்குச் சளி.

ஏப்ரல் 18. ஞாயிறு

முப்பது. காலையில் வெயில் வந்தது, அதிசயம். தலை மழித்து, சந்தனம் பூசி, அரைஞாண் கட்டி. பெயர் அன்பழகன். அண்ணன் காதில் மூன்று தடவை சொன்னான். தம்பி கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து அம்மாவின் சத்தம். "போயிட்டான்! தன்னால போயிட்டான்!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். காம்பு வைக்கவில்லை. ஒன்றும் வைக்கவில்லை. துணி நனைந்து தண்ணீராகப் போயிருக்கிறது, கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை. நாற்றம் தாங்கவில்லை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "முப்பது கும்பிட்டதும் ஆத்தா வழி விட்டுட்டா பாரு!" அண்ணி அழுதாள். அண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் இன்னொரு லட்டு.

"என்ன டாக்டரம்மா, ஒன் செல்லு வந்து சேந்துருச்சா?" என்று என் தலையில் தட்டினான்.

அசடு வழியச் சிரித்தேன். தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. நானும் இரண்டு லட்டு தின்றேன். அண்ணி தலையில் அ செங் கொண்டுவந்த பூ, வாடிப்போய், ஆனாலும் வாசனை.

அந்த நாற்றம்தான் மனதை விட்டுப் போகவில்லை. சளி பிடித்த மூக்குக்கே அப்படி.

ஏப்ரல் 20. செவ்வாய். ஈப்போ

ஆஸ்பத்திரி வராந்தா. பேனா அண்ணனுடையது. நேற்று எழுத முடியவில்லை.

நேற்று விடியும்போதே தம்பிக்கு அனல். பச்சையாக வாந்தி. வயிறு கல். வெளிக்குப் போவது நிற்கவே இல்லை. அம்மாவே "தூக்குங்கடா" என்று கத்தினாள். தானா ராத்தாவில் பார்த்த உடனே ஈப்போவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுடைய ஆம்புலன்ஸ் அதற்குச் சற்று முன்னால்தான் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது.

அ செங் லோரியோடு பஜாரில் நின்றுகொண்டிருந்தார். கூடை கூடையாக முட்டைக்கோஸ், எங்கள் கோபிஸ், ஏற்றி, தார்ப்பாய் கட்டி. எங்களைப் பார்த்ததும் கதவைத் திறந்தார். வேறு இடத்தில் இறக்க வேண்டியது இருக்குமே என்றான் அண்ணன்.

"ஏறுலா பெருமாள். கோபிஸ் லேட்டா போனா சாகாது."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அப்புறம் ஈப்போவரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். முன்னால் அண்ணி, தம்பி, நான். அண்ணன் பின்னால் கோபிஸ் கூடைகளுக்கு நடுவே. ஒவ்வொரு வளைவிலும் அண்ணி தம்பியின் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி மலையைப் பார்த்தேன்.

டாக்டர் சின்ன வயது. தமிழ் தெரியாது. விரலை வைத்துச் சோதித்தார், படம் எடுத்தார், பிறகு ஒரு தாளில் குடலை வரைந்தார். எனக்குத் தெரிந்த படம். கழுத்திலிருந்து அம்புக்குறி, கீழே கீழே கீழே, கடைசியில் ஒரு துண்டைக் கறுப்பாக்கிவிட்டு நிறுத்தினார். சந்தேகம்தான் என்றும், ஆனால் கிட்டத்தட்ட உறுதி என்றும் சொன்னார். தேங்கித் தேங்கி மேலே உள்ள குடல் புண்ணாகி, விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தானாகப் போனதே, அதுதான் ஆரம்பம்.

அண்ணன் என்னைப் பார்த்தான். "என்னா சொல்றாரு?"

ஆங்கிலத்தில் எல்லாம் புரிந்தது எனக்கு. தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை. உயிரணு என்றேன், விழித்தான். அப்புறம் இப்படிச் சொன்னேன்: "வயித்துக்குள்ள இருக்கும்போதே, கொடலுக்கு நரம்பு மேலேருந்து கீழே நடந்து வரணும் அண்ணே. மலையில தேயிலச் செடி நெரை நெரையாப் பிடிச்சு ஏறுற மாதிரி, ஆனா கீழ்ப்பக்கம். கடைசி நெரை வரைக்கும் வரல. நின்னுருச்சு."

"ஏன் நின்னுச்சு?"

டாக்டரிடம் கேட்டேன். தெரியாது, யார் மேலும் தப்பில்லை என்றார். அதை மட்டும் அண்ணிக்கு இரண்டு தடவை மொழிபெயர்த்தேன்.

"எம்புட்டு தூரம் வரல?"

டாக்டர் தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

வயிற்றில் ஓர் ஓட்டை போட்டு அந்த வழியாகப் போகவிட வேண்டும், வளர்ந்த பிறகு சரிசெய்யலாம், முதலில் இதைத் தாண்ட வேண்டும் என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டான். அண்ணி மறுக்கவே இல்லை. "எங்க வேணா போட்டுக்கட்டும், உசுரு இருந்தாப் போதும்" என்றாள். இவளைத்தானே பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன்.

உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். இதை எழுதுவது கை சும்மா இருக்க மாட்டேன் என்பதால்.

ஏப்ரல் 21. புதன்

காலையில் போய்விட்டான்.

எழுதுவதற்குப் பெயர் கேட்டார்கள். அன்பழகன் த/பெ பெருமாள். குமாஸ்தா எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஏப்ரல் 22. வியாழன்

நேற்று அதே லோரியில் மேலே வந்தோம். அ செங் சந்தைக்கே போகாமல் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். பின்பக்கத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி வைத்திருந்தார், ஆனால் அண்ணி தம்பியைப் பின்னால் வைக்கவிடவில்லை. மடியில்தான். அ செங் அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன, அவர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சீனத்தில் ஏதோ திட்டினார்.

வந்த கையோடு அடக்கம். தூறல். தேயிலைச் சரிவுக்கு மேலே, சவுக்கு ஓரம். குழி சின்னது, அண்ணனே வெட்டினான்.

அம்மா எதுவும் சாப்பிடவில்லை. வெற்றிலைச் செல்லத்தை எடுத்துப்போய் அடுப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். பிறகு என்னிடம் வந்து நின்றாள். "காம்பு வெச்சுதான் கெட்டுச்சாடி?"

நான் வந்த நாளிலிருந்து இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவள். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். முகத்தைப் பார்த்தேன். "இல்லம்மா. காம்பு வெக்காட்டி இத்தினி நாளே இருந்திருக்க மாட்டான்." அதுவும் உண்மைதான். இப்போது யோசித்தால் அது இன்னும் மோசமான உண்மை, போகிறதே என்றுதான் எல்லாரும் இருந்துவிட்டோம்.

அண்ணிக்குப் பால் கட்டி ஜுரம். ரவிக்கை எல்லாம் நனைகிறது. மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்கிறார்கள். அண்ணன் மறுபடி அ செங்கிடம் பூ சொல்லியிருக்கிறான்.

ஏப்ரல் 23. வெள்ளி

மழை. பூ வந்தது. அம்மா கட்டிவிட்டாள். வீடெல்லாம் அந்த வாசனை.

படங்களை எடுத்துப் பார்த்தேன். அழகாகத்தான் வந்திருக்கின்றன. விரிவுரையாளர் பாராட்டுவார். சனியன். கட்டி மேலே வைத்துவிட்டேன்.

தெரிந்ததும் போதவில்லை, தெரியாததும் போதவில்லை. ஆத்தா வழி விட்டாள் என்று அம்மா கும்பிட்டபோது நானும் சேர்ந்து லட்டு தின்றேனே. இரண்டு லட்டு.

ஏப்ரல் 24. சனி

வெயில், அப்புறம் பனி, அப்புறம் வெயில். டீமேக்கர் ஆள் அனுப்பினார், உங்கண்ணன் ஒரு மாதிரி உட்கார்ந்திருக்கிறான், வந்து பார் என்று. பதறிப்போய் ஓடினேன்.

டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் அடுப்புச் சுவரோரம் குந்தி இருக்கிறான். உள்ளங்கையில் ஒரு கோழிக்குஞ்சு. இறகு இன்னும் முழுக்கக் காயவில்லை. பெட்டியில் உடைந்த ஓடு. மற்ற மூன்றும் சத்தமில்லாமல்.

எனக்கு முட்டை ஞாபகமே இல்லை. நினைத்திருந்தாலும், திருப்ப ஆளில்லாமல் திங்கட்கிழமையே எல்லாம் செத்திருக்கும் என்றுதான் நினைத்திருப்பேன்.

"நாம ஈப்போவுல இருந்தப்ப யாரு பாத்தா?"

"டீமேக்கர்ட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். நீதானே கடைசிவரைக்கும் விட்டுவைக்கணும்னே."

"எந்திரி அண்ணே. எல்லாரும் பாக்குறாங்க."

"இருலா. விடியக்காலையில பொரிச்சது. இன்னும் ஒண்ணும் போவல." கையைக் கொஞ்சம் தூக்கிக் குஞ்சின் பின்பக்கத்தைப் பார்த்தான். "இதுக்கு வந்து சேந்துருக்குமா வாசு? கடைசி வரைக்கும்?"

சேர்ந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் குந்தினேன்.

வலது கையின் சுண்டுவிரலை நீட்டிப் பார்த்தான். மடக்கினான். மறுபடி நீட்டினான். "இம்புட்டுதான். நம்ம தாத்தன் கப்பல்ல வந்து, எறங்கி, காடழிச்சு மலையேறி வந்துருக்கான். இம்புட்டு தூரம் நடக்க முடியல என் புள்ளைக்கு."

டீமேக்கர் கொஞ்ச தூரத்தில் நின்றார். யாரையும் விரட்டவில்லை. தேயிலை கருகும் வாசனை வந்தது, வேறு யாரோ ஓடிப்போய்த் தட்டை இழுத்தார்கள்.

குஞ்சு கால் மாற்றிக்கொண்டது. குறுகி நின்றது. அவன் உள்ளங்கையில் சொட்டாகக் கொஞ்சம், கறுப்பும் வெள்ளையுமாக.

"போயிருச்சு" என்றான். கையைத் துடைக்கவில்லை.